அலைவரிசை இரவல், நிகழ்ச்சி சொந்தம்: ஏபிஎஸ்-சிபிஎன் வளர்ந்த விதம்

பிலிப்பைன்ஸில் டிவி பார்க்கும் எவருக்கும் ஏபிஎஸ்-சிபிஎன் தெரியும். லோபஸ் குடும்பம் வளர்த்தெடுத்த நிறுவனம் அது. செய்தி, நெடுந்தொடர், சினிமா, இசை, கேபிள், நடிகர்களைத் தயார்படுத்துவது என்று கேளிக்கைத் தொழிலின் எல்லாக் கிளைகளிலும் இறங்கியது. அதன் ஒளிபரப்பை அரசு இரண்டு முறை நிறுத்தியிருக்கிறது: ஒன்று 1972இல், மற்றொன்று 2020இல். முதல் முறை கட்டடம், கருவி, அலைவரிசை எல்லாமே கைவிட்டுப் போய், 14 ஆண்டு நிறுவனமே இல்லாத நிலை. இரண்டாம் முறை அலைவரிசை மட்டும் போனது, நிகழ்ச்சிகள் நிற்கவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் புரிந்துவிட்டால், ஊடகக் குழுமம் என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்பதும் புரிந்துவிடும்.

டிவி தொழிலில் மூன்று சரக்குகள் உண்டு. முதலாவது நிகழ்ச்சி: தொடர், செய்தி, படம், பாட்டு, அவற்றில் வரும் முகங்கள். இரண்டாவது அதை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வழி: கோபுரம், செயற்கைக்கோள், கேபிள், இணையம். மூன்றாவது அந்த வழியைப் பயன்படுத்த அரசு தரும் அனுமதி. முதல் இரண்டையும் காசு கொடுத்துக் கட்டலாம், வாங்கலாம், விற்கலாம். மூன்றாவது குத்தகை நிலம் மாதிரி. மேலே எவ்வளவு பெரிய மாளிகை எழுப்பினாலும் தவணை முடியும் நாளில் நிலத்துக்காரர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸில் அந்த நிலத்துக்காரர் நாடாளுமன்றம். இந்த நிறுவனத்தின் கதையில் நடந்த பெரிய திருப்பம் ஒவ்வொன்றும் இந்த மூன்றாவது சரக்கைச் சுற்றியே நடந்தது.

தொடக்கமே ஒரு உரிமத்துக்காக

1946இல் ஜேம்ஸ் லிண்டன்பெர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் பொலினாவ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ரேடியோ கருவிகளைக் கோத்து விற்பதுதான் நோக்கம். போருக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் உதிரி பாகங்கள் கிடைப்பது கடினமாக, அவர் வானொலி ஒலிபரப்பின் பக்கம் திரும்பினார்.

அதே காலத்தில் அதிபர் எல்பிடியோ கிரினோவின் தம்பி, நீதிபதி அன்டோனியோ கிரினோ, டிவி நிலையம் தொடங்க உரிமம் கேட்டு நாடாளுமன்றத்தை அணுகினார். அண்ணனின் தேர்தலுக்கு அது பிரசாரக் கருவியாகிவிடும் என்று உறுப்பினர்கள் அஞ்சினார்கள், உரிமம் கிடைக்கவில்லை. அதனால் ஏற்கெனவே உரிமம் வைத்திருந்த பொலினாவ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி, அதற்கு ஆல்ட்டோ பிராட்காஸ்டிங் சிஸ்டம் என்று பெயரிட்டார். ஏபிஎஸ் என்ற மூன்றெழுத்து வந்தது அங்கிருந்துதான். 1953 அக்டோபர் 23 அன்று அந்த நாட்டின் முதல் டிவி ஒளிபரப்பு தொடங்கியது. மாலை 6 முதல் இரவு 10 வரை, நாளுக்கு 4 மணி நேரம்தான்.

கவனியுங்கள்: கிரினோ வாங்கியது ஒரு தொழிற்கூடத்தை அல்ல, ஒரு அனுமதியை. கருவிகளைப் புதிதாக வாங்கியிருக்கலாம். அந்தக் காகிதம்தான் வேறெங்கும் கிடைக்காத பொருள்.

லோபஸ் குடும்பம்

லோபஸ்கள் இலோய்லோ பகுதிக்காரர்கள். சர்க்கரைத் தொழிலில் செல்வம் சேர்த்தவர்கள். மூத்தவர் எவுஹேனியோ லோபஸ் 1947இல் மணிலா க்ரானிக்கிள் நாளிதழை வாங்கினார். தம்பி ஃபெர்னாண்டோ லோபஸ் அரசியலில் இறங்கி இருமுறை துணை அதிபரானார். 1956இல் சகோதரர்கள் க்ரானிக்கிள் பிராட்காஸ்டிங் நெட்வொர்க், அதாவது சிபிஎன் வானொலியைத் தொடங்கினார்கள். 1957 பிப்ரவரியில் கிரினோவிடமிருந்து ஏபிஎஸ்ஸையும் வாங்கினார்கள். இரண்டு பெயர்களும் சேர்ந்து நிறுவனத்தின் சட்டபூர்வப் பெயரானது 1967இல்தான். அடுத்த ஆண்டு கெசோன் நகரில் பொஹோல் அவென்யூவில் பெரிய ஒளிபரப்பு வளாகம் எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் மணிலாவுக்கு மின்சாரம் வழங்கும் மெரால்கோவும் குடும்பத்தின் கைக்கு வந்திருந்தது.

குடும்ப நிறுவனம் வேகமாக வளர்வதற்கு ஒரு காரணம் இங்கே தெரிகிறது. நாளிதழின் செய்தியாளர்கள் வானொலிக்குச் செய்தி தந்தார்கள், மற்ற தொழில்களின் வருமானம் டிவிக்கு முதல் தந்தது, முடிவெடுக்க ஒரே மேசை போதுமாக இருந்தது. ஆனால் பத்திரிகை, மின்சாரம், டிவி, துணை அதிபர் பதவி நான்கும் ஒரே குடும்பத்தில் இருந்தால், ஆட்சியில் இருப்பவர் அந்தக் குடும்பத்தைத் தொழில்முனைவோராக மட்டும் பார்க்க மாட்டார். போட்டி அதிகார மையமாகப் பார்ப்பார். 1965 அதிபர் தேர்தலில் ஃபெர்டினான்ட் மார்க்கோஸோடு சேர்ந்து வென்ற லோபஸ்கள் 1971 வாக்கில் அவரோடு முறித்துக்கொண்டார்கள். 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டம் வந்ததும் நிலையங்கள் மூடப்பட்டன. எவுஹேனியோவின் மகன் ஹெனி லோபஸ் கைது செய்யப்பட்டு, விசாரணை முடியாமலே சிறையில் கிடந்தார். மகன் விடுதலையாவான் என்ற நம்பிக்கையில் தந்தை மெரால்கோவை விட்டுக்கொடுத்தார். விடுதலை வரவில்லை. தந்தை 1975இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். மகன் 1977இல் செர்ஹியோ ஒஸ்மேன்யா என்ற சக கைதியோடு தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பொஹோல் அவென்யூ வளாகத்தில் மார்க்கோஸுக்கு நெருக்கமானவரின் நிறுவனம் ஒளிபரப்பு நடத்தியது.

1986க்குப் பிறகு: பார்வையாளரை மீட்டது எப்படி

மக்கள் எழுச்சியில் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடிய பின், 1986 செப்டம்பர் 14 அன்று ஏபிஎஸ்-சிபிஎன்னின் 2ஆம் சேனல் மீண்டும் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே வளாகத்தில் அரசின் 4ஆம் சேனலும் 1992 வரை இயங்கிக்கொண்டிருந்தது. கருவிகள் பழையவை, கையில் பணம் குறைவு, 14 ஆண்டில் பார்வையாளர் பழக்கம் முழுதும் மாறியிருந்தது.

நாடு திரும்பிய ஹெனி லோபஸ் எடுத்த முடிவுகளில் முக்கியமானது ஆள் தேர்வு. போட்டி நிறுவனமான ஜிஎம்ஏவில் இருந்த ஃப்ரெடி கார்சியாவை 1987இல் அழைத்துவந்தார். குடும்பத்து ஆள் அல்லாத ஒருவரிடம் நிகழ்ச்சிப் பொறுப்பை முழுதாக ஒப்படைத்தது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான செயல். 1987 மார்ச்சில் டிவி பட்ரோல் என்ற மாலைச் செய்தி வந்தது. முக்கிய நேரச் செய்திகளில் ஆங்கிலம் கோலோச்சிய நாட்களில், இது சந்தையிலும் ஜீப்னி என்ற பயணிகள் வண்டியிலும் மக்கள் பேசும் பிலிப்பினோ மொழியில் பேசியது. குற்றம், விபத்து, விலைவாசி, தெருப் பிரச்சினை என்று அவர்கள் வாழ்க்கையை முதலில் வைத்தது. அதன் செய்தி வாசிப்பாளர்களில் ஒருவரான நோலி டி காஸ்ட்ரோ பின்னாளில் செனட்டராகி, 2004இல் நாட்டின் துணை அதிபரே ஆனார். ஒரு செய்தி நிகழ்ச்சிக்கு வீடுகளில் இருந்த செல்வாக்குக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. 1980கள் முடிவதற்குள் சேனல் முதலிடம் பிடித்தது. 1992இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது.

ஒரே முகம், ஆறு வருமானம்

விளம்பர வருமானத்துக்கு ஏன் ஒரு எல்லை உண்டு என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ் ஒளிபரப்பாளர் சங்கத்தின் விதிப்படி மணிலா பெருநகரில் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் 18 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மாலை 6 முதல் 11 வரை 5 மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 90 நிமிடம். 30 விநாடி விளம்பரங்களாகப் பிரித்தால் 180. அதற்கு மேல் விற்கச் சரக்கே கிடையாது. வருமானம் கூட வேண்டுமானால் ஒவ்வொரு 30 விநாடியின் விலை ஏற வேண்டும். அதற்கு ரேட்டிங் ஏற வேண்டும். ரேட்டிங்கிலும் ஒரு சிக்கல் இருந்தது: 2020க்கு முன் ஜிஎம்ஏ நீல்சன் என்ற கணக்கெடுப்பு நிறுவனத்தின் எண்களைக் காட்டியது, ஏபிஎஸ்-சிபிஎன் காந்தார் என்ற இன்னொரு நிறுவனத்தின் எண்களைக் காட்டியது, இரண்டு பேருமே தாங்கள்தான் முதலிடம் என்றார்கள். மணிலாவையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் எடுத்தால் ஜிஎம்ஏ வலுவாக இருந்தது. விசாயாஸ், மிண்டனாவ் தீவுகளையும் சேர்த்தால் ஏபிஎஸ்-சிபிஎன் மேலே வந்தது. எந்தப் பரப்பில் எடுத்த எண் என்று கேட்காமல் ரேட்டிங் செய்தியை நம்பக்கூடாது.

விளம்பரத்துக்கு மேல்வரம்பு இருப்பதால், அதே நிகழ்ச்சியையும் அதே முகத்தையும் மறுபடி மறுபடி விற்கும் வழிகளை நிறுவனம் கட்டியது. 1992இல் நடிகர்களைத் தேர்ந்து பயிற்றுவிக்கும் பிரிவு (இப்போது ஸ்டார் மேஜிக்). 1993இல் ஸ்டார் சினிமா. 1994இல் வெளிநாட்டு பிலிப்பினோக்களுக்கான டிஎஃப்சி சேனல். 1995இல் இசைத்தட்டு நிறுவனம். ஸ்கை கேபிள் 1990லேயே வந்துவிட்டது.

இவை சேர்ந்து இயங்கும் விதத்தை ஒரு புதுமுகத்தின் பாதையில் பார்க்கலாம். ரியாலிட்டி போட்டியிலோ ஆடிஷனிலோ ஒரு பெண் தேர்வாகிறாள். ஒப்பந்தம் போட்டு நடிப்பு, நடனம், குரல் பயிற்சி தருகிறார்கள். பகல் நேரத் தொடரில் சிறு வேடம். ரசிகர்கள் எந்தப் பையனோடு அவளைச் சேர்த்து ரசிக்கிறார்கள் என்று பார்த்து ஒரு ஜோடியை அமைக்கிறார்கள். அங்கே இதற்கு லவ் டீம் என்று பெயர். ஜோடி பிடித்துப்போனால் இரவு 8 மணித் தொடர். தொடரின் தலைப்புப் பாடலைக் குழுமத்தின் இசை நிறுவனம் வெளியிடும். தொடர் முடியும் தறுவாயில் ஸ்டார் சினிமாவில் படம். டிசம்பர் 25 முதல் மணிலா திரைப்பட விழா நாட்களில் தியேட்டர்களில் உள்நாட்டுப் படங்கள் மட்டுமே ஓடும்; ஹாலிவுட் போட்டி கிடையாது, எனவே அந்த இடத்துக்குக் கடும் அடிபிடி. பிறகு படம் கட்டண சேனலுக்கும், வெளிநாட்டு பிலிப்பினோ வீடுகளுக்கும் போகும். வழியெங்கும் அந்த ஜோடி சோப்பு, செல்போன், பொரித்த கோழி விளம்பரங்களில் நடிக்கும். அதில் மேலாண்மைப் பிரிவுக்குப் பங்கு உண்டு.

இந்தச் சங்கிலியின் பலம் எதுவோ அதுவே பலவீனம். ஜோடி நிஜ வாழ்க்கையில் பிரிந்தாலோ, ஒப்பந்தம் முடிந்து ஒருவர் போட்டி நிறுவனத்துக்குப் போனாலோ தொடர், படம், பாட்டு, விளம்பரம் நான்கும் ஒரே நேரத்தில் ஆடும். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் நம்பாமல், பல ஜோடிகளைப் பல வயது ரசிகர்களுக்காக வளர்த்தார்கள்.

டிஎஃப்சி தனியாகப் பேச வேண்டியது. வெளிநாடுகளில் வாழும் பிலிப்பினோக்கள் ஏறத்தாழ 1 கோடிப் பேர். மாதச் சந்தா டாலரிலும் பிற நாணயங்களிலும் வருகிறது. நிகழ்ச்சியோ ஏற்கெனவே உள்நாட்டு விளம்பரத்தால் செலவை மீட்டுவிட்டது. கூடுதல் செலவு செயற்கைக்கோளும் விற்பனையும் மட்டுமே. உள்நாட்டில் பொருளாதாரம் சரிந்து விளம்பரம் குறையும் ஆண்டில் நாட்டு நாணயமான பெசோவின் மதிப்பும் சரியும். அப்போது டாலர் சந்தா ஓரளவு தாங்கிப் பிடிக்கும். இதன் எதிரி திருட்டு ஒளிபரப்பு. நிறுவனம் அமெரிக்க நீதிமன்றங்களில் திருட்டுத் தளங்கள்மீது தொடர்ந்து வழக்கு போட்டது அதனால்தான்.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. 2013இல் தொடங்கிய செல்போன் சேவை 2018இல் மூடப்பட்டது. வேறொருவரின் கோபுரத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் செல்போன் தொழிலில், நட்சத்திரங்களின் முகம் மட்டும் வாடிக்கையாளரைப் பிடித்துவைக்காது. குழந்தைகளுக்கான கிட்சானியா பூங்கா பெருந்தொற்றுக் காலத்தில் நிரந்தரமாக மூடியது. 2015இல் கொண்டுவந்த டிவிப்ளஸ் என்ற டிஜிட்டல் செட்டாப் பாக்ஸ் மட்டும் நன்றாக விற்றது: ஒருமுறை காசு கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது, படம் தெளிவு. ஆனால் அதுவும் அலைவரிசையை நம்பிய பொருள்.

உரிமம் என்ற இயந்திரம்

1931ஆம் ஆண்டின் ரேடியோ கட்டுப்பாட்டுச் சட்டம் 3846இன்படி, பிலிப்பைன்ஸில் ஒளிபரப்பு நிலையம் நடத்த நாடாளுமன்றத்தின் உரிமம் வேண்டும். அதாவது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக ஒரு சட்டமே இயற்ற வேண்டும். படிகள் இவை: மசோதா கீழவையில் தொடங்கும், அங்கே உரிமங்களுக்கான குழு விசாரிக்கும், குழு ஏற்றால் அவையில் மூன்று வாசிப்பு, பிறகு செனட், பிறகு அதிபரின் கையெழுத்து. அதன் பின்னரே தேசியத் தொலைத்தொடர்பு ஆணையம் அலைவரிசையை ஒதுக்கும். 1987 அரசியலமைப்பின்படி இப்படிப்பட்ட உரிமம் 50 ஆண்டுக்கு மேல் போக முடியாது; நடைமுறையில் 25 ஆண்டு தருகிறார்கள். அதே அரசியலமைப்பு ஊடக நிறுவனங்கள் முழுக்கப் பிலிப்பினோக்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டு முதலைப் பெற, வாக்குரிமை இல்லாமல் இலாபப் பலன் மட்டும் தரும் வைப்பு ரசீதுகளை 1999இல் குழுமம் வெளியிட்டது. பின்னாளில் இதையே அதன்மீது குற்றச்சாட்டாக வைத்தார்கள்.

இதில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது குழு நிலை. குழுவிலேயே மசோதா நின்றுவிட்டால் முழு அவையும் செனட்டும் வாக்களிக்கும் வாய்ப்பே வராது.

ஏபிஎஸ்-சிபிஎன்னின் உரிமம் 1995இல் இயற்றிய குடியரசுச் சட்டம் 7966. அது 2020 மே 4 அன்று முடிந்தது. நீட்டிப்பு மசோதா 2014லேயே தாக்கலாகியும் முடிவுக்கு வரவில்லை. 2016இல் அதிபரான டுடெர்ட்டே, தன் தேர்தல் விளம்பரங்களை ஒளிபரப்பவில்லை என்று பகிரங்கமாகக் கோபப்பட்டார். நீட்டிப்பை எதிர்ப்பேன் என்றார். ஜிஎம்ஏவுக்கு 2017இல் நீட்டிப்பு கிடைத்தது. ஏபிஎஸ்-சிபிஎன்னின் மசோதாக்கள் குழுவிலேயே கிடந்தன. 2020 மே 5 அன்று ஆணையம் நிறுத்த உத்தரவு பிறப்பித்தது. அன்று மாலைச் செய்தி முடிந்ததும் 2ஆம் சேனல் இருண்டது. ஜூலை 10 அன்று குழு 70க்கு 11 என்ற கணக்கில் மசோதாவை நிராகரித்தது. விசாரணையில் எழுப்பப்பட்டவற்றில் நிரந்தரமாக்கப்படாத ஊழியர்களின் குறை உண்மையானது, கேட்கப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதற்குத் தீர்வாக வந்தது ஆயிரக்கணக்கானோரின் வேலை இழப்பு. வட்டார மொழிச் செய்தி நிலையங்கள் மூடப்பட்ட மாகாணங்களில், அந்த ஆண்டு நவம்பர்ப் புயல்களின்போது உள்ளூர்த் தகவல் கிடைக்காதது பெரிதாகப் பேசப்பட்டது.

2019இல் ஏறத்தாழ 4,280 கோடி பெசோவாக இருந்த வருமானம் 2020இல் 2,140 கோடிக்கு இறங்கியது. நட்டம் ஏறத்தாழ 1,350 கோடி.

அலைவரிசை இல்லாத குழுமம்

கேபிளுக்கும் இணையத்துக்கும் அந்த உரிமம் தேவையில்லை என்பதால் 2020 ஜூன் 13 அன்று கேபிளில் கபமில்யா சேனலும், ஆகஸ்டில் அதன் யூட்யூப் ஒளிபரப்பும் வந்தன. ஆனால் கேபிளும் இணையமும் இல்லாத ஏழை வீடுகளை எட்ட ஆன்டெனா சேனல் வேண்டும். அதற்கு உரிமம் உள்ள வேறு நிறுவனங்களிடம் ஸ்லாட் வாங்கினார்கள்: 2020 அக்டோபரில் ஸோயி நிறுவனத்தின் 11ஆம் சேனல், 2021 ஜனவரியில் டிவி5. 2023 ஜூலையில் பகல் நேர நிகழ்ச்சி ஒன்று பரம எதிரியான ஜிஎம்ஏவின் துணைச் சேனலுக்கே போனது. 2024 ஏப்ரலில் அதன் முதன்மைச் சேனலுக்கும் போனது. இதற்கிடையே 2ஆம் சேனலின் அலைவரிசை 2022இல் வில்யார் என்ற அரசியல், தொழில் குடும்பத்தின் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2024இல் ஏபிஎஸ்-சிபிஎன்னின் பழைய தொடர்களும் மாலைச் செய்தியும் அந்தச் சேனலிலேயே, நிகழ்ச்சி வழங்குபவர் என்ற முறையில், ஓடத் தொடங்கின.

ஸ்லாட் வாங்கி ஓட்டுவதில் இடர் அதிகம். சேனல்காரர் எப்போது வேண்டுமானாலும் நேரத்தை மாற்றலாம். விளம்பர வருமானத்தில் பங்கு கேட்பார். நாளை அவரே சொந்த நிகழ்ச்சி எடுக்க முடிவு செய்யலாம். இதைத் தவிர்க்க 2022இல் டிவி5இல் 34.99 சதவீதப் பங்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்ப, சில வாரங்களில் அது கைவிடப்பட்டது. ஸ்கை கேபிளை 675 கோடி பெசோவுக்கு விற்கும் ஒப்பந்தமும் 2024 பிப்ரவரியில் கலைந்தது. 2025இல் கெசோன் நகர வளாகத்தின் பெரும்பகுதியை அயாலா லேண்ட் என்ற நில, கட்டட நிறுவனத்துக்கு 624 கோடி பெசோவுக்கு விற்க முடிவானது. பணம் கடனை அடைக்க உதவும். ஆனால் நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும்.

அலைவரிசை தேவைப்படாத பிரிவுகளோ நன்றாகவே நிற்கின்றன. குழுமத்தின் பயிற்சியிலிருந்து வந்த பினி என்ற 8 பெண்கள் இசைக்குழு 2021இல், நிறுவனத்துக்குச் சேனல் இல்லாத நேரத்தில் அறிமுகமாகி, சமூக ஊடகம் வழியாகவே பெரும் புகழ் பெற்றது. 2024இல் ஸ்டார் சினிமாவும் ஜிஎம்ஏவும் சேர்ந்து எடுத்த படம் 100 கோடி பெசோ வசூலைத் தாண்டிய முதல் பிலிப்பினோ படமானது. இரண்டு போட்டி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு படத்தை எடுப்பது 2019இல் யாரும் எதிர்பார்த்திராத காரியம்.

இந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்க விரும்புபவர்கள் மொத்த வருமானத்தில் தொடங்க வேண்டாம். விளம்பர வருமானத்தில் எவ்வளவு பிறர் சேனல்களை நம்பியிருக்கிறது, நிகழ்ச்சி உரிமை விற்பனை எவ்வளவு, வெளிநாட்டுச் சந்தா ஏறுகிறதா இறங்குகிறதா, கேபிள் பிரிவின் நட்டம் எவ்வளவு என்ற நான்கையும் தனித்தனியே பாருங்கள். நிலம், பங்கு போன்ற சொத்து விற்பனையால் வந்த பணத்தை இலாபக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் நிகழ்ச்சி எடுத்து விற்பது மட்டுமே அந்த ஆண்டின் சம்பளத்தையும் வட்டியையும் கட்டியதா என்பது தெரியும்.